பழைய காருக்கு எந்தப் பெயின்ட்? ஒரு வரிப் பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் தாம்பரம் வாசகர் ஒருவர், அப்பா ஓட்டிய எண்பதுகளின் பிரீமியர் பத்மினிக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டும், எந்த வகை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். "2கே பாலியூரித்தேன்தான் இன்றைக்குச் சிறந்தது" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. 2கே என்பது அடிக்கும் முன் ஹார்டனர் என்ற இரண்டாவது பொருளைக் கலந்து இறுக வைக்கும் பெயின்ட். அந்த வரியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இந்த வாரம் என் கடைக்கே ஆட்கள் வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அயனாவரத்தில் கார் பெயின்ட் கடை நடத்துகிறேன். டின்னை எடுத்துக் கொடுப்பதோடு நிற்கிற கடை அல்ல, நிறம் கலந்து கொடுக்கிற கடை. என் மாமனார் ஆரம்பித்தது. அவரிடம்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2கே விற்றால் எனக்கு வருமானம் அதிகம். பெயின்ட், அதற்கு ஹார்டனர், அதை இளக்கும் தின்னர், இரும்பைக் காக்க அடியில் எபாக்ஸி பிரைமர், மேலே நிறமில்லாத கிளியர் என்று பில் ஏறிக்கொண்டே போகும். உங்கள் பதில் என் வியாபாரத்துக்கு நல்லதுதான். அந்த பத்மினிக்கு நல்லதா, அதை அடிக்கப் போகிறவருக்கு நல்லதா என்பதுதான் என் கேள்வி.

பழைய காருக்கு எந்தப் பெயின்ட் என்று கேட்டால், அந்தக் காரின் மேல் இப்போது என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதுக் காரில் இந்தச் சிக்கல் இல்லை. கம்பெனியில் அடித்தது அப்படியே இருக்கும். முப்பது, நாற்பது வருஷம் சென்னைத் தெருவில் ஓடிய கார் அப்படியா? கதவில் ஆட்டோ உரசியபோது ஒரு ஷெட்டில் (பட்டறையில்) அடித்தது, பானெட் துருப்பிடித்தபோது இன்னொரு ஷெட்டில் அடித்தது, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்காக அவசரமாக மேலோட்டமாக ஒரு முழுப் பெயின்ட் என்று அடுக்கடுக்காக ஏறியிருக்கும். தனியார் கார்கள் 15 வருஷம் முடிந்ததும் தகுதிச் சான்று வாங்கிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. அந்த நேரத்தில் அடிக்கிற பெயின்ட்டுக்கு எங்கள் வட்டாரத்தில் எஃப்.சி. பெயின்ட் என்றே பெயர். சிந்தெட்டிக் எனாமலை வாங்கி, பழையதைச் சரியாகத் தேய்க்காமல், ஒரே நாளில் அடித்து முடித்துவிடுவார்கள். அன்றைக்குப் பளபளக்கும். அடுத்து அந்தக் காரை ஆசையாகத் திருத்த நினைப்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

கார்களில் நாம் பார்க்கக்கூடிய பெயின்ட்களை அவை எப்படிக் காய்கின்றன என்பதை வைத்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். என்.சி. என்று நாங்கள் சொல்வது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதிலிருக்கும் தின்னர் ஆவியாகிப் போனால் பெயின்ட் காய்ந்துவிடும், அவ்வளவுதான். வேதியியல் மாற்றம் எதுவும் நடப்பதில்லை. அதனாலேயே எத்தனை வருஷம் கழித்துத் தின்னர் ஊற்றினாலும் திரும்பக் கரையும். 1923இல் அமெரிக்காவில் டியூபான்ட் கம்பெனி டூக்கோ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்த பிறகுதான், வாரக்கணக்கில் காயவைக்க வேண்டியிருந்த கார் பெயின்ட் மணிக்கணக்கில் காய ஆரம்பித்தது. இன்றைக்கும் புதுப்பேட்டையில் எந்த ஸ்ப்ரே வேலையையும் டூக்கோ என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

சிந்தெட்டிக் எனாமல் வேறு வகை. தின்னர் போன பிறகும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடும், ஆனால் அடி வரை இறுக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். லாரி பாடி, ஆட்டோ, வீட்டு கிரில் எல்லாவற்றுக்கும் இதுதான். பழைய கார்களின் கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் சூட்டடுப்பில் 120, 140 டிகிரியில் சுட்டு இறுக்கிய எனாமல். அது நன்றாக இறுகிய பெயின்ட். எண்பதுகளின் காரில் அது இன்னும் உதிராமல் இருக்கிறது என்றால் அந்தக் காரின் மேல் இருப்பதிலேயே நல்ல பெயின்ட் அதுதான்.

ரப்பர், ஒயரிங், சீட் எல்லாம் பொருத்திய காரைத் திரும்ப 140 டிகிரி அடுப்பில் வைக்க முடியாது. அந்தச் சங்கடத்துக்குத்தான் 2கே. பெயின்ட் ஒரு டின், ஹார்டனர் ஒரு டின். இரண்டையும் கலந்த நிமிஷத்திலிருந்து அவை ஒன்றோடொன்று பிணைந்து இறுக ஆரம்பிக்கும். பெயின்ட் அடிப்பதற்கான மூடிய அறையான பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் வேலை முடிந்தது. வெளியில் வைத்தாலும் ஒரு நாளில் கைக்கு வரும். பெட்ரோல் சிந்தினாலும் கரையாது, வெயிலில் சீக்கிரம் மங்காது. அதன் தரத்தைப் பற்றி உங்கள் பதிலில் சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் இந்த 2கேயை எஃப்.சி. பெயின்ட்டின் மேல் அடித்தால் என்ன ஆகும் என்பதை வில்லிவாக்கம் பக்கத்து அம்பாசிடர்காரர் ஒருவர் பார்த்தார். முந்தைய உரிமையாளர் சிந்தெட்டிக் அடித்திருந்தது இவருக்குத் தெரியாது. வேலை எடுத்துக்கொண்ட ஷெட்டும் கேட்கவில்லை. முதல் கோட் அருமையாக உட்கார்ந்தது. இரண்டாவது கோட் போட்ட கொஞ்ச நேரத்தில் பானெட் முழுக்க காய்ச்சிய பாலின் ஆடை போலச் சுருங்கிவிட்டது. 2கே தின்னரின் காரத்துக்கு அடியிலிருந்த எனாமல் ஊறி, வீங்கி, மேலே உள்ளதையும் தூக்கிவிட்டது. தொழிலில் இதை லிஃப்ட் ஆயிடுச்சு என்பார்கள். அதன் மேல் என்ன அடித்தும் பயனில்லை. இரண்டு நாள் காய்ந்த பிறகு எல்லாவற்றையும் சுரண்டி, இரும்பு வரை போய், திரும்ப ஆரம்பித்தார்கள். பெயின்ட் காசும் போச்சு, கூலியும் போச்சு. அவருடைய பெயின்ட் என் கடையில் வாங்கியது அல்ல. ஆனால் சுரண்டுவதற்கு ரிமூவர் வாங்க என்னிடம்தான் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் அப்பாவின் கார் அது.

என்.சி.யின் மேல் 2கே போட்டால் அன்றைக்கே சுருங்காமல் தப்பிக்கலாம். ஆனால் அடியில் இளகும் படலம், மேலே கெட்டியாக இறுகிய படலம். கத்திரி வெயிலில் ஒன்று விரிவது போல இன்னொன்று விரியாது. சில வருஷத்தில் மெல்லிய கீறல்கள் விழும். கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும், துரு கிளம்பும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை நனைத்து, பெயின்ட்டின் மேல் ஒரு நிமிஷம் அழுத்தி வைத்துப் பிறகு தேய்க்க வேண்டும். நிறம் தாராளமாகத் துணியில் இறங்கினால் என்.சி. இறங்காமல் தோல் மாதிரி மெத்தென்று ஆகி, சுருங்கினால் சிந்தெட்டிக். ஒன்றுமே ஆகவில்லை என்றால் கம்பெனிச் சூட்டு எனாமல், அல்லது முன்பே 2கே. அந்தக் கடைசி வகையாக இருந்தால் தேய்த்துவிட்டு அதன் மேலேயே தைரியமாக அடிக்கலாம்.

இந்தச் சோதனையை எங்கே செய்வது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே தெரியக் கூடாது என்று டிக்கிக்கு உள்ளே, கதவு இடுக்கில் தேய்த்துப் பார்க்கிறார்கள். அங்கே கம்பெனிப் பெயின்ட்தான் இருக்கும், பிறகு அடித்தவர் யாரும் உள்ளே அடித்திருக்க மாட்டார். தின்னர் பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. "கம்பெனி பெயின்ட்தான் அக்கா" என்று சந்தோஷமாகப் போன் செய்வார்கள். வெளிப்பக்கத்தில் பார்க்க வேண்டும்: நம்பர் பிளேட்டைக் கழற்றிய இடத்தில், கதவுக்குக் கீழே ஓரத்தில். அதுவும் ஒரே இடத்தில் போதாது. பானெட்டில் ஒன்று இருக்கும், இடது கதவில் வேறொன்று இருக்கும். ஒவ்வொரு பேனலிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால், பள்ளத்தை நிரப்பும் பட்டி கனமாகப் போட்ட இடத்தில் பிடிப்பு தளரும். அப்படிப்பட்ட இடங்களில் அடியில் துரு ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார் என்றால் கதவின் அடிப்பாகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிந்தெட்டிக்கோ, பல அடுக்கு என்.சி.யோ இருந்தால் என் பதில் ஒன்றுதான்: இரும்பு வரை எடுத்துவிடுங்கள். செலவுதான், நாள் பிடிக்கும்தான். ஆனால் பாதியில் நிறுத்தினால் மேலே அடிக்கும் விலை உயர்ந்த பெயின்ட் வீண். இரும்பு வெளியே தெரிந்த அன்றே எபாக்ஸி பிரைமர் ஏறிவிட வேண்டும். திருவான்மியூர், ராயபுரம் போன்ற கடலோரத்தில் சாயங்காலம் விட்ட இரும்பு காலையில் பழுப்பாக நிற்கும். நம்முடைய ஷெட்களில் காரைச் சுரண்டிவிட்டு தகடு தட்டிச் சரிசெய்யும் டிங்கர் வருவதற்காக ஒரு வாரம் அப்படியே நிறுத்துகிறார்கள். அந்த ஒரு வாரத்துத் துருவை எந்தப் பெயின்ட்டும் மறைக்காது.

சரி, பத்மினிக்கு என்னதான் அடிப்பது? வெள்ளை, கிரீம், வெளிர்நீலம், கறுப்பு போன்ற கெட்டி நிறமாக இருந்து, அடிப்பகுதி சுத்தமாகி, பூத் வசதியுள்ள இடத்தில் வேலை நடப்பதாக இருந்தால் 2கே சாலிட் (கெட்டி) நிறத்தை அப்படியே அடிப்பதுதான் என் தேர்வு. மேலே கிளியர் வேண்டாம். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இன்றைக்கு எல்லாக் காருக்கும் பேஸ் கோட் என்ற நிறப்பூச்சைப் போட்டு மேலே கிளியர் பூசுவதே வழக்கம் ஆகிவிட்டது. மெட்டாலிக் நிறத்துக்கு அது தேவை. அலுமினியத் துகளைக் காப்பாற்ற மேலே கிளியர் வேண்டும். பத்மினி, அம்பாசிடர், நம் வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற கார்கள் கெட்டி நிறத்தோடு வந்தவை. அவற்றின் வளைவுகளில் ஒளி நிறத்தின் மேலேயே படிய வேண்டும். கிளியர் போட்டால் நிறம் கண்ணாடிக்கு அடியில் போய்விடுகிறது. தவிர, சாலிட் நிறத்தில் கீறல் விழுந்தால் 2000 நம்பர் பேப்பரில் மெதுவாகத் தேய்த்து பாலிஷ் காம்பவுண்ட் போட்டால் சரியாகிவிடும், அடிவரை ஒரே நிறம். கிளியர் ஒரு இடத்தில் தேய்ந்து போனால் அந்த பேனல் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும்.

பூத் இல்லாத சின்ன ஷெட்டில்தான் வேலை என்றால் நான் என்.சி.யையே சொல்வேன். இதைக் கேட்டால் இளைய பெயின்டர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். என்.சி.க்குக் குறைகள் நிறைய. ஆறேழு கோட் வேண்டும், ஒவ்வொரு வருஷமும் பாலிஷ் வேண்டும், பெட்ரோல் சிந்தினால் கறை, சில வருஷத்தில் மங்கும், அடியில் தேய்த்த கோடுகள் மெல்ல மேலே தெரியும். காய்ந்த என்.சி. தூசி ஷெட்டில் குவிந்து கிடந்தால் வெல்டிங் பொறி ஒன்று போதும், குபீரென்று பிடித்துவிடும். இருந்தாலும் திறந்த ஷெட்டில் தூசி விழுவதற்குள் அது காய்ந்துவிடுகிறது. விழுந்த தூசியைத் தேய்த்து எடுத்து அடுத்த கோட் போடலாம். புது கோட் பழைய கோட்டைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும், ஒட்டு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, ஷெட்டில் மூடி வைக்கிற காருக்கு, பாலிஷ் போடப் பொறுமை உள்ளவருக்கு, என்.சி.யின் அந்த மென்மையான பளபளப்பு வேறு எதிலும் வராது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத கார்களுக்கு 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியில் விஏ என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் தருகிறார்கள். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர், அந்தக் காலத்தில் அதில் என்ன அடித்திருந்தார்களோ அந்தத் தோற்றத்தையே திரும்பக் கொண்டுவர நினைப்பார். அவருக்கு நான் என்.சி. டின்னைத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பேன்.

ஒரு நிபந்தனை, மழைக்காலத்தில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் என்.சி. அடித்தால் வெளுத்துப் போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பேனல் குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் பெயின்ட்டின் மேலேயே படிந்து, பால் மாதிரி ஒரு வெண்மை ஏறும். கறுப்புக் காரில் அழுகையே வந்துவிடும். ரிட்டார்டர் என்று மெதுவாக ஆவியாகும் தின்னர் ஒன்று கலந்தால் ஓரளவு தப்பலாம். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் நேர்மாறான தொல்லை: ஸ்ப்ரே கன்னிலிருந்து புறப்பட்ட பெயின்ட் பேனலைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். அப்போது விடிகாலையில் அடிக்க வேண்டும், ஸ்லோ தின்னர் வாங்க வேண்டும். எந்த மாதத்திலும் கம்ப்ரஸர் டாங்கில் சேரும் தண்ணீரைக் காலையில் திறந்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வந்த கொப்புளங்களைப் பெயின்ட் கம்பெனியின் தலையில் போடுகிறார்கள்.

சிந்தெட்டிக்கை அடிச்சட்டம், வீல் ஆர்ச்சின் உட்புறம் போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடிக்கு வேண்டாம். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் பற்றியும் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 2007 முதல் காருக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஆவியாகும் கரைப்பானுக்கு உச்சவரம்பு வந்ததால் அங்கே அது பரவியது. நம் ஊர் ஈரக் காற்றில் அது காய, பூத்தும் காற்று வீசும் கருவியும் தேவை. அதுவும் பேஸ் கோட் மட்டும்தான் தண்ணீர், மேலே வரும் கிளியர் அதே 2கே. ஷெட் வேலைக்கு அது சரிப்படாது.

நிறம் பார்க்கப் பெட்ரோல் மூடியைக் கொண்டுவருவது நம் ஊர் வழக்கம். வெயிலில் மங்கிய மூடி அது. டிக்கியின் உள்பக்கமோ டாஷ்போர்டுக்கு அடியிலோ மங்காத இடத்தின் நிறத்தைப் பாருங்கள், கலந்த பெயின்ட்டை அட்டையில் அடித்து வெயிலில் ஒப்பிடுங்கள். கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறாகத் தெரியும். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஜீப் வைத்திருக்கும் தம்பிகள் ராணுவப் பச்சை கேட்கிறார்கள். மோட்டார் வாகன விதிப்படி அது பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே உரிய நிறம். நான் கலந்து கொடுப்பதில்லை.

தேய்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சில சிவப்பு, பச்சைப் பெயின்ட்களில் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்று 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. அது வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கான விதி, பழைய காரின் மேல் இருக்கும் பெயின்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே பழைய பெயின்ட்டைத் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில்தான் தேய்க்க வேண்டும், தூசி பறக்கக் கூடாது, பக்கத்தில் குழந்தைகள் கூடாது. ஆனால் ஹார்டனர் கலந்த பாலியெஸ்டர் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. அது தண்ணீரைக் குடித்துவிடும், ஆறு மாதம் கழித்துக் கொப்புளமாக வெளியே வரும். பட்டியை உலர்வாக, முகமூடி போட்டுக்கொண்டு தேய்க்க வேண்டும். நம் ஷெட்களில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பழைய பெயின்ட்டுக்கு மெஷின், பட்டிக்குத் தண்ணீர்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முக்கியமான காரணம். 2கே ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984இல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். ஹார்டனரில் இருப்பது அது அல்ல, அதன் வேகமும் இதற்கு இல்லை. பயமுறுத்துவதற்காக அந்தப் பெயரை எடுக்கவில்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருளை முகத்துக்கு நேரே புகையாக ஆக்கி அடிக்கிறோம் என்பது அடிப்பவருக்கும் தெரிய வேண்டும், அடிக்கச் சொல்பவருக்கும் தெரிய வேண்டும். அது நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு ஆஸ்துமா வரும். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி படுத்த பிறகு இருமல், நெஞ்சை அடைப்பது போல இருக்கும். காலையில் சரியாகிவிடும், திரும்ப வேலைக்குப் போவார்கள். ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமையாகிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு பிடிக்கும். தோல் வழியாகவும் அது உடம்பைப் பாதிக்கும்.

எங்கள் கடைக்கு நெடுநாளாக வரும் பெயின்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மெட்டாலிக் அடிப்பதில் அவர் கைக்கு வட சென்னையில் ஈடில்லை என்பேன். இப்போது அவர் கடைக்குள் வருவதில்லை. ரோட்டிலேயே நின்று, "அக்கா, ஹார்டனர் டின் ஏதாவது திறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார். சட்டைப்பையில் இன்ஹேலர். அவர் 2கே அடித்த காலம் முழுக்க முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. கேட்டால் எல்லாரும் அப்படித்தானே அடித்தோம் என்கிறார். உண்மைதான். இன்றைக்கும் அவரிடம் தொழில் கற்ற பையன்கள் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

கைக்குட்டையும் சரி, கொரோனா காலத்து என்95 முகமூடியும் சரி, இந்த ஆவியைத் தடுக்காது. கரி ஃபில்டர் வைத்த முகமூடி என்.சி.க்கு உதவும், அதையே சரியாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஆனால் ஐசோசயனேட்டுக்கு மூக்கில் தெரியும்படி எச்சரிக்கை வாசனை கிடையாது. ஃபில்டர் தீர்ந்துபோனதே தெரியாது. 2கேக்கு வேண்டியது வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாக முகத்துக்குக் கொண்டுவரும் மாஸ்க். பெயின்ட் கம்ப்ரஸரிலிருந்து நேராக எடுத்த எண்ணெய்க் காற்று கூடாது, சுவாசிக்கத் தக்க காற்றாக இருக்க வேண்டும். கைக்கு நைட்ரைல் கையுறை, உடம்புக்கு முழுக்கை உடை. புகையை இழுத்து வெளியேற்றும் பூத். இவை இல்லாத இடத்தில் 2கே அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் தெருக்களில் ஷெட்டுக்கு மேல்மாடியில் குடும்பங்கள் இருக்கின்றன. பின்னால் பள்ளிக்கூடச் சுவர் இருக்கிறது. பிளாஸ்டிக் ஷீட் கட்டி அதற்குள் அடிக்கிறார்கள். உள்ளே நிற்பவருக்கு அது இன்னும் மோசம்.

இதனால்தான் ஒரு வரிப் பதில் என்னை வருத்தியது. "2கேதான் சிறந்தது" என்று பத்திரிகையில் படித்தவர் நேராக ஷெட்டுக்குப் போய் "2கே அடிங்க" என்பார், எங்கே, எப்படி என்று கேட்க அவருக்குத் தெரியாது. ஷெட்காரர் வேலையை விடமாட்டார், பேசிய கூலிக்கே ஒப்புக்கொள்வார். அந்தக் கூலியில் மாஸ்க்குக்கு இடம் இருக்காது. காரின் சொந்தக்காரர் பூத் இருக்கிறதா, காற்றுக் குழாய் மாஸ்க் இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டு, இல்லை என்றால் என்.சி. அடிக்கச் சொல்லியோ, வேறு இடத்துக்குக் காரைக் கொண்டுபோயோ, கூடுதல் பணம் கொடுத்தோ முடிவெடுக்கலாம். அந்த முடிவு அவர் கையில்தான் இருக்கிறது. பெயின்டர் கையில் இல்லை, என் கையிலும் இல்லை.

சின்ன ஷெட்காரர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது என் நோக்கம் இல்லை. ஒரு பூத் கட்டும் செலவு அவர்களில் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். சிறு தொழில்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழ் அம்பத்தூரிலோ கிண்டியிலோ சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பொது ஸ்ப்ரே பூத் அமைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். டிங்கரிங், பட்டி, தேய்ப்பு எல்லாம் அவரவர் ஷெட்டில் முடித்துவிட்டு, பிரைமரோடு காரைத் தள்ளிக்கொண்டு வந்து, அரை நாள் வாடகையில் நிறத்தை மட்டும் அங்கே அடித்துக்கொண்டு போகலாம். காற்றுக் குழாய் மாஸ்க்குகள் பூத்தோடு இருக்க வேண்டும், அவற்றைப் போடாமல் உள்ளே யாரையும் விடக் கூடாது. ஐ.டி.ஐ.களில் பெயின்டர் பயிற்சி படிக்கும் பையன்களை அங்கேயே பழக்கலாம். பூத்தில் அடித்ததற்கு ஒரு ரசீது கொடுத்தால், கார்காரர்கள் தாங்களே அதைக் கேட்டு வாங்குவார்கள்.

இப்படி ஒரு பூத் வந்தால், அதன் செலவுக்கு எங்கள் கடையின் பங்கைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உள்ள சக வியாபாரிகளிடமும் பேசியிருக்கிறேன், சிலர் சரி என்றிருக்கிறார்கள். தொழில் துறை அதிகாரிகள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், பெயின்டர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து நிறுத்துவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
கார் பெயின்ட் கடை நடத்தும் வாசகி,
அயனாவரம், சென்னை – 23.